108-ல் வரும் இரண்டு பேர்: அவர்களுக்குள் நடக்கும் கூட்டு வேலை

கேள்வி இதுதான்: "எங்கள் தெருவில் ஒரு பெரியவர் பேசிக்கொண்டிருக்கும்போதே சுருண்டு விழுந்தார். 108-க்குச் சொன்னோம். இரண்டே பேர் வந்தார்கள். உடனே தூக்கிக்கொண்டு போவார்கள் என்று பார்த்தால், திண்ணைக்குக் கீழே தரையில் வைத்தே நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சொன்னதையே இன்னொருவர் திருப்பிச் சொன்னார். ஒருவர் சத்தமாக எண்ணிக்கொண்டே இருந்தார். நேரத்தை வீணாக்கியது போல எங்களுக்குத் தோன்றியது. இரண்டு பேரால் என்ன செய்துவிட முடியும்?"

நான் ஆம்புலன்ஸ் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அந்த இருவரும் செய்ய வேண்டியதைத்தான் செய்திருக்கிறார்கள். நேரத்தை வீணாக்கியது போலத் தெரிந்த அந்தத் திருப்பிச் சொல்வதும் எண்ணுவதும்தான் அவர்களுடைய கூட்டு வேலையின் உயிர்நாடி. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அதற்கு 3 வருடங்கள் முன்பு ஹைதராபாத்தில் தொடங்கிய அதே முறைதான் இங்கும். வண்டியில் இரண்டு பேர். ஒருவர் அவசர மருத்துவ உதவியாளர், எல்லோரும் ஈ.எம்.டி. என்பார்கள். மற்றவர் ஓட்டுநர், அவரை பைலட் என்பார்கள். வெளியே இருந்து பார்ப்பவருக்கு ஒருவர் வைத்தியம் பார்க்கிறார், ஒருவர் வண்டி ஓட்டுகிறார் என்றுதான் தெரியும். வண்டி நகரும்போது மட்டும்தான் அது உண்மை. வண்டி நின்றிருக்கும்போது பைலட்டும் நோயாளியின் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்திருக்கும் ஆள்தான். சி.பி.ஆர். (நெஞ்சை அழுத்தி மூச்சு கொடுப்பது), ஸ்ட்ரெச்சர் கையாளுவது, கழுத்தை அசையாமல் பிடிப்பது எல்லாம் அவருக்கும் சொல்லித்தரப்படுகின்றன.

முதலில் நெஞ்சை அழுத்தும் விஷயம். இதயம் நின்றுவிட்டால் மூளைக்கு ரத்தம் போக ஒரே வழி, நெஞ்சின் நடுவில் அழுத்துவது. நிமிடத்துக்கு 100-லிருந்து 120 முறை, 5 செ.மீ. ஆழம் இறங்க வேண்டும், 6-ஐத் தாண்டக் கூடாது, ஒவ்வொரு அழுத்தலுக்குப் பிறகும் நெஞ்சு முழுசாக மேலெழும்ப விட வேண்டும். 30 அழுத்தல், 2 மூச்சு, மறுபடி 30. ஊரில் அடிபம்பு அடித்திருப்பீர்கள். விட்டுவிட்டு மறுபடி பிடித்தால் முதல் சில அடிக்குத் தண்ணீரே வராது. இங்கும் அதேதான்: அழுத்துவதை நிறுத்தினால் இதயத்துக்குப் போகும் ரத்தத்தின் அழுத்தம் மளமளவென்று இறங்கிவிடும். மறுபடி பழைய நிலைக்கு வரப் பல அழுத்தல்கள் பிடிக்கும். அதனால் எந்தக் காரணத்துக்காகவும் 10 விநாடிக்கு மேல் கை எடுக்கக் கூடாது.

இதை ஒருவரே தொடர்ந்து செய்ய முடியாது. எவ்வளவு உடல்வாகு உள்ளவராக இருந்தாலும் ஒன்று, இரண்டு நிமிடத்தில் ஆழம் குறைய ஆரம்பிக்கும். இதில் கவனிக்க வேண்டிய விஷயம், அழுத்துபவருக்கே அது தெரியாது. நன்றாகத்தான் அழுத்துகிறோம் என்று நினைத்துக்கொண்டே மூன்றரை செ.மீ.க்கு வந்திருப்பார். தலைமாட்டில் பையை அமுக்கிக் காற்று கொடுக்கும் ஆளுக்குத்தான் அது தெரியும். "அண்ணே, ஆழம் குறையுது" என்று அவர் சொல்ல வேண்டும். கேட்டவர் முகம் சுளிக்காமல் அடுத்த அழுத்தலையே ஆழமாக்க வேண்டும். 2 நிமிடத்துக்கு ஒருமுறை கை மாற்ற வேண்டும், களைப்பு வந்தாலும் வராவிட்டாலும். நீங்கள் கேட்ட அந்தச் சத்தமான எண்ணிக்கை இதற்குத்தான். 25, 26, 27 என்று வரும்போதே காற்றுப் பை பிடிப்பவர் தயாராகிவிடுவார். ஐந்தாவது சுற்றின் கடைசியில் "மாத்தலாம்" என்றதும் இருவரும் இடம் மாறிவிடுவார்கள்.

நன்றாகப் பழகிய ஜோடி, நின்ற இதயத்துக்கு மின்சார ஷாக் கொடுக்கும் ஏ.இ.டி. கருவியையும் சேர்த்து இதைச் செய்வதைப் பார்க்க வேண்டும். ஒருவர் அழுத்திக்கொண்டே இருப்பார். மற்றவர் சட்டையைக் கத்தரித்து, ஈரம் இருந்தால் துடைத்து, அழுத்தும் கைகளுக்கு இடைஞ்சல் இல்லாமல் வலது காரை எலும்புக்குக் கீழே ஒரு பட்டை, இடது அக்குளுக்குக் கீழே ஒரு பட்டை ஒட்டுவார். கருவி "நோயாளியைத் தொடாதீர்கள்" என்று சொல்லும்வரை அழுத்துபவர் கையை எடுக்கவே மாட்டார். ஷாக் கொடுக்க வேண்டும் என்று கருவி சொன்னால், கொடுப்பவர் தலை முதல் கால் வரை கண்ணை ஓட்டி, "எல்லாரும் விலகுங்க" என்று சொல்லி, யாரும் தொடவில்லை என்று பார்த்த பிறகுதான் பொத்தானை அழுத்துவார். ஷாக் போன அடுத்த நொடியே கை மறுபடி நெஞ்சுக்கு வந்துவிடும். பல்ஸ் வந்ததா என்று பார்க்கக்கூட அப்போது நிற்பதில்லை. இன்னும் 2 நிமிடம் அழுத்திவிட்டுத்தான் பார்ப்பது. இதில் எந்த இடத்திலும் "அடுத்து என்ன?" என்று ஒருவர் மற்றவர் முகத்தைப் பார்ப்பதில்லை. யார் தலைமாடு, யார் நெஞ்சுப்பக்கம் என்பது வண்டி வந்துகொண்டிருக்கும்போதே முடிவாகிவிட்டது.

இந்த முடிவுதான் பலருக்குத் தெரியாத ரகசியம். கட்டுப்பாட்டு அறையிலிருந்து "60 வயது, நினைவில்லை, மூச்சு சரியாக இல்லை" என்று தகவல் வந்ததும், சைரன் சத்தத்துக்கு நடுவே ஒரு சின்னப் பேச்சு நடக்க வேண்டும். "நான் தலைமாடு, அண்ணே. நீங்க முதல்ல அழுத்துங்க. ஏ.இ.டி. நான் எடுத்துக்கிறேன், ஆக்சிஜன் நீங்க." பத்து விநாடிப் பேச்சு. இதைப் பேசாமல் இறங்கும் ஜோடி என்ன ஆகும் என்றால், இருவரும் ஒரே பையைத் தூக்கப் போவார்கள், இருவருமே வாயில் தேங்கும் எச்சிலை உறிஞ்சும் சக்‌ஷன் கருவியை வண்டியில் விட்டுவிட்டு வருவார்கள். பயிற்சி வகுப்பில் பொம்மையை வைத்துச் செய்யும்போதே இது நடக்கும். கூட்டம் சூழ்ந்து நின்று அழுகிற இடத்தில் நடக்காதா?

இப்போது நீங்கள் கேட்ட "ஏன் உடனே தூக்கவில்லை" என்பது. ஓடும் வண்டியில் ஒழுங்காக நெஞ்சை அழுத்துவது மிகவும் கடினம். வளைவில் ஆழம் போய்விடும், வேகத்தடையில் கை நழுவிவிடும், அழுத்துபவர் தானே விழுந்து அடிபடுவார். பின்னால் ஒருவர்தான் இருப்பார் என்பதால் கை மாற்றவும் ஆள் இல்லை. அதனால் இதயம் நின்றவருக்கு விழுந்த இடத்திலேயே முதல் சில சுற்றுகளையும் ஷாக்கையும் கொடுப்பதுதான் அவருக்கு நல்லது. ஷாக்கால் சரியாகக்கூடிய வகை இதய நிறுத்தத்தில், சி.பி.ஆர். இல்லாமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7-லிருந்து 10 சதவீதம் வரை குறைந்துகொண்டே போகும். தூக்கி, ஏற்றி, கதவைச் சாத்துவதற்கே சில நிமிடங்கள் போய்விடும்.

ஆனால் விபத்தில் வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறவர் விஷயம் நேர் எதிர். அவரைக் காப்பாற்ற அறுவை அரங்கு வேண்டும், ரோட்டில் எதுவும் முடியாது. வெளியே கொட்டும் ரத்தத்தை அழுத்திப் பிடித்து, மூச்சு வழியைச் சரிபார்த்து, எலும்பும் கழுத்தும் அசையாமல் பார்த்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். "இங்கேயே பாக்கணுமா, எடுத்துட்டு ஓடணுமா" என்பதை இருவரும் முதல் நிமிடத்திலேயே ஒன்றாக முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. ஒருவர் ஒன்று நினைத்து, மற்றவர் ஸ்ட்ரெச்சரை இறக்கிக்கொண்டிருந்தால் நஷ்டம் நோயாளிக்குத்தான்.

அடுத்தது, சொன்னதையே திருப்பிச் சொல்வது. கட்டுப்பாட்டு அறையில் மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஈ.எம்.டி. சில மருந்துகளைக் கொடுக்கும் முன் அவர்களிடம் போனில் கேட்க வேண்டும். மருத்துவர் மருந்தின் பெயரையும் அளவையும் கொடுக்கும் வழியையும் சொல்வார். ஈ.எம்.டி. அப்படியே திருப்பிச் சொல்வார். "ஆமாம், சரி" என்ற பதில் வந்த பிறகே ஊசியில் ஏற்றுவார். கொடுத்து முடித்ததும் "கொடுத்தாச்சு, மணி 10.12" என்பார். சந்தைத் தெருவில், சைரனுக்கும் அழுகைக்கும் நடுவே, போனில் ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் காதுக்கு ஒன்றாகத்தான் விழும். திருப்பிச் சொன்னால் அங்கேயே பிடிபட்டுவிடும். இருவருக்குள்ளும் இதே விதிதான். "அண்ணே, ஆக்சிஜன் 10 லிட்டர் வைங்க" என்றால் "10 லிட்டர் வெச்சாச்சு" என்று பதில் வர வேண்டும். பதில் வராவிட்டால் வேலை நடக்கவில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். தலையாட்டுவது பதில் ஆகாது, ஏனென்றால் கேட்டவர் நோயாளியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

பைலட்டைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். நல்ல பைலட் ஓட்டும்போதும் நோயாளியைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார், காதால். "லெஃப்ட்ல திரும்புறேன்", "ஸ்பீட் பிரேக்கர் வருது, பிடிச்சுக்கங்க" என்று முன்கூட்டியே குரல் கொடுப்பார். பின்னால் இருப்பவர் அந்த நேரத்தில் நரம்பில் ஊசி குத்த மாட்டார். சில பைலட்டுகள் ஊசி போடப் போகிறார் என்று தெரிந்தால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து வண்டியை ஒரே சீராக ஓட விடுவார்கள். பூச்சி மருந்து உடம்புக்குள் போன கேஸ் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஈ.எம்.டி. வாயில் வழியும் எச்சிலைச் சக்‌ஷன் செய்து, மூச்சைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பைலட் வீட்டுக்காரரிடம் "பாட்டில் எங்கே?" என்று கேட்டு, தேடி, அதைப் பையில் கட்டி எடுத்துவர வேண்டும். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் ஆஸ்பத்திரியில் மாற்று மருந்து சரியாகக் கொடுக்க முடியும். மருந்து பட்ட துணிகளைக் கையுறையோடு கழற்றவும் அவர் உதவ வேண்டும், இல்லாவிட்டால் அது தோல் வழியாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ஈ.எம்.டி.க்கு இருப்பது இரண்டு கை. அந்தப் பாட்டிலை அவரே தேடிப் போனால் நோயாளியை விட்டுவிட்டுப் போக வேண்டும்.

பிரசவ கேஸ்தான் இரண்டு பேர் அணிக்கு உண்மையான சோதனை என்று நினைக்கிறேன். ஏறும்போது ஒரு நோயாளி, வழியில் இரண்டு நோயாளி ஆகிவிடும். மலைப்பாதையிலோ இரவு நேர நெடுஞ்சாலையிலோ குழந்தையின் தலை தெரிய ஆரம்பித்தால் ஈ.எம்.டி. ஒரே வார்த்தைதான் சொல்வார்: "நிறுத்துங்க." இன்னும் சில கிலோமீட்டரில் ஆரம்ப சுகாதார நிலையம் வந்துவிடும் என்று பைலட்டுக்குத் தோன்றலாம். அந்த நேரத்தில் வாதம் கிடையாது. வண்டியை ஓரம்கட்டி, நான்கு பக்கமும் விளக்கு மின்ன விட்டு, பின்னால் வந்துவிட வேண்டும். கட்டுப்பாட்டு அறை மருத்துவரைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போடுவது அவர் வேலை. ஏ.சி.யை அணைப்பதும் அவர் வேலை, ஏனென்றால் ஈரமான பச்சைக் குழந்தைக்குக் குளிர் பெரிய எதிரி. உலர்ந்த துணிகளை விரித்து வைத்திருக்க வேண்டும்.

குழந்தை வந்ததும் துடைத்து, உலர்த்தி, அம்மாவின் வயிற்றின் மேலேயே போட்டு, தலைக்குத் துணி மூட வேண்டும். அழுதால் நிம்மதி. தொப்புள்கொடியை அவசரப்பட்டு வெட்ட வேண்டியதில்லை, 1-லிருந்து 3 நிமிடம் கழித்துக் கட்டினால் போதும். அழாவிட்டால், முதுகைத் தேய்த்தும் மூச்சு வராவிட்டால், முதல் ஒரு நிமிடத்துக்குள் சின்ன முகமூடி வைத்துக் காற்றுப் பையால் மூச்சு கொடுக்க ஆரம்பிக்க வேண்டும். இந்த வேலைக்கு ஒரு ஆள் முழுசாக வேண்டும், அவர் வேறு எதையும் பார்க்கக் கூடாது. அப்படியானால் அம்மாவை யார் பார்ப்பது? வயிற்றில் இன்னொரு குழந்தை இல்லை என்று உறுதிசெய்துகொண்டு ஆக்சிடோசின் 10 யூனிட் சதையில் போட வேண்டும், கர்ப்பப்பை இறுகுகிறதா என்று கை வைத்துப் பார்க்க வேண்டும், ரத்தப்போக்கைக் கவனிக்க வேண்டும். ஈ.எம்.டி. குழந்தையோடு இருக்கும்போது பைலட் அம்மாவின் முகத்தையும் விரிப்பில் தேங்கும் ரத்தத்தையும் பார்த்து, "மேடம், ரத்தம் கொஞ்சம் அதிகமா வருது" என்று குரல் கொடுத்தாலே போதும். ஊசி போடுவது அவர் வேலை இல்லை. பார்த்ததைச் சொல்வது அவர் வேலை. பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கில் அந்தக் குரல் எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பதில் ஒரு தாயின் உயிர் இருக்கிறது. கூட வந்த அம்மாவோ அக்காவோ பதறாமல் இருந்தால் டார்ச் பிடிக்க அவரையும் சேர்த்துக்கொள்வார்கள். அப்போது அவரும் அந்த அணியில் ஒருவர்தான்.

பைலட்டின் குரல் என்று சொன்னேன். நான் பயிற்சியில் அதிக நேரம் செலவிடுவது இதில்தான். ஆம்புலன்ஸில் வரும் ஜோடியைப் பாருங்கள். ஈ.எம்.டி. பெரும்பாலும் இளைய வயது, படித்தவர், பல வண்டிகளில் பெண். பைலட் வயதில் மூத்தவர், அனுபவசாலி, படிப்பு குறைவு. வயதைப் பார்த்தால் இவர் பெரியவர், பொறுப்பைப் பார்த்தால் அவர் பெரியவர். "அந்தப் பொண்ணுக்கு நாம என்ன சொல்றது, படிச்சவங்க" என்று பைலட் வாயை மூடிக்கொள்வார். "அண்ணன் தப்பா எடுத்துக்குவாரோ" என்று அந்தப் பெண் தயங்குவார். நம் ஊரில் இந்தத் தயக்கத்தை மரியாதை என்று நினைத்துக்கொள்கிறோம். நோயாளிக்கு அது ஆபத்து.

இது நம் ஊர் நோய் மட்டும் இல்லை. 2005 மார்ச் 29 அன்று இங்கிலாந்தில் எலெய்ன் புரோமிலி என்ற 37 வயதுப் பெண் சைனஸ் தொடர்பான ஒரு சாதாரண அறுவைக்காகப் போனார். மயக்க மருந்து கொடுத்ததும் மூச்சு வழி அடைத்துக்கொண்டது. அறையில் அனுபவமுள்ள மூன்று மூத்த மருத்துவர்கள் இருந்தார்கள். தொண்டைக்குள் குழாய் செலுத்துவதிலேயே அவர்கள் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருந்தார்கள், ரத்தத்தில் ஆக்சிஜன் அபாயமான அளவுக்குக் கீழே கிடந்தது. கழுத்தில் துளையிட்டுக் காற்று கொடுக்கும் கருவிகளை ஒரு செவிலியர் கொண்டுவந்து தயாராக இருப்பதாகச் சொன்னார். இன்னொருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கைக்கு ஏற்பாடு செய்யப் போனார். நிலைமையின் தீவிரம் அவர்களுக்குப் புரிந்திருந்தது. மருத்துவர்களின் காதில் அது ஏறவில்லை, செவிலியர்களுக்கும் அதற்கு மேல் எப்படி வற்புறுத்துவது என்று தெரியவில்லை. எலெய்ன் 13 நாட்கள் கழித்து இறந்துபோனார்.

அவருடைய கணவர் மார்ட்டின் புரோமிலி விமானி. விமானத் துறை இதே பாடத்தை முன்பே ரத்தம் கொடுத்துக் கற்றிருந்தது. 1978 டிசம்பர் 28 அன்று அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகருக்கு அருகே யுனைடெட் 173 விமானம் எரிபொருள் தீர்ந்து விழுந்து 10 பேர் இறந்தார்கள். சக்கரம் சரியாக இறங்கியதா என்பதிலேயே கேப்டனின் கவனம் முழுவதும் இருந்தது. எரிபொருள் குறைகிறது என்று கூட இருந்தவர்கள் சொல்லாமல் இல்லை, ஆனால் அழுத்திச் சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் விமான ஊழியர்களுக்கு, கீழே இருப்பவர் மேலே இருப்பவரிடம் எப்படிப் பேச வேண்டும், மேலே இருப்பவர் எப்படிக் கேட்க வேண்டும் என்று தனிப் பயிற்சியே வந்தது. மார்ட்டின் புரோமிலி யார்மீதும் பழி போடுவதை விட்டுவிட்டு, அந்தப் பயிற்சியை மருத்துவத்துக்குக் கொண்டுவர 2007-ல் ஓர் அமைப்பைத் தொடங்கினார். இன்று அவசர சிகிச்சைப் பயிற்சிகளில் இந்தச் சம்பவம் பல நாடுகளில் சொல்லித்தரப்படுகிறது.

அந்தப் பயிற்சியின் சாரத்தை நம் பேச்சுக்கு மாற்றினால் நாலு படி வரும். முதலில் கேள்வியாகக் கேட்பது: "மேடம், அந்தக் கால்ல ரத்தம் நின்னுடுச்சா?" காதில் விழவில்லையா, தகவலாகச் சொல்வது: "மேடம், கட்டு நனைஞ்சிடுச்சு, இன்னும் வருது." அதற்கும் அசையவில்லையா, நேராகக் கவலையைச் சொல்வது: "எனக்குப் பயமா இருக்கு, இதை இப்பவே பாக்கணும்." கடைசிப் படி: "நிறுத்துங்க. நான் அழுத்திப் பிடிக்கிறேன்." இதில் எங்கேயும் மரியாதைக் குறைவு இல்லை. கேட்கும் பக்கத்துக்கும் கடமை உண்டு. "நான் எதையாவது விட்டிருந்தா சொல்லுங்க, அண்ணே" என்று ஷிப்ட் தொடங்கும்போதே ஈ.எம்.டி. சொல்லிவிட்டால், அந்த 12 மணி நேரமும் பைலட்டுக்கு வாய் திறக்க அனுமதி கிடைத்துவிட்டது. நான் இதைச் செய்யச் சொல்லும்போது முதலில் எல்லோரும் கூச்சப்படுவார்கள். பழகிய பிறகு விடமாட்டார்கள்.

இலங்கையில் 1990 என்ற எண்ணில் அழைக்கும் சுவசெரிய ஆம்புலன்ஸ் சேவை 2016-ல் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கியது. 2018-ல் வடக்குக்கும் வந்தது. அங்கும் அணி இதே வடிவம்தான், ஆகவே இந்தக் குரல் பிரச்சினையும் அதேதான். சிங்களமும் தமிழும் கலந்து புழங்கும் இடத்தில் கவனம் இன்னும் கூடுதலாகத் தேவை.

ஆஸ்பத்திரி வாசலில் ஒப்படைப்பது இன்னொரு முக்கியமான கட்டம். நல்ல அணி செய்ததெல்லாம் இங்கே சிந்திப்போகலாம். ஸ்ட்ரெச்சரை மாற்றும்போதே பேசினால் யார் காதிலும் ஏறாது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லையென்றால் எல்லோரும் ஒரு நிமிடம் கையை நிறுத்திக் கேட்க வேண்டும். ஒழுங்காகச் சொன்னால் இப்படி இருக்கும்: "ஆண், 40 வயசு. 9.40-க்கு பைக்ல போகும்போது லாரி மோதியிருக்கு, ஹெல்மெட் இல்லை. நெத்தியில வெட்டு, இடது தொடை எலும்பு முறிவு, வயிறு தொட்டா வலிக்குது. பல்ஸ் 124, பி.பி. 90-க்கு 60, மூச்சு 28, ஆக்சிஜனோட சாச்சுரேஷன் 95. கூப்பிட்டா கண் திறக்கிறார், பேச்சு குழப்பமா இருக்கு. காலர் போட்டிருக்கு, தொடைக்குக் கட்டை கட்டியிருக்கு, ஒரு லைன் போட்டிருக்கு. ஏத்தும்போது பி.பி. 110 இருந்தது, வர்ற வழியில இறங்கியிருக்கு." கடைசி வாக்கியம்தான் இதில் தங்கம். ஒற்றை எண்ணைவிட, எண் எந்தப் பக்கம் போகிறது என்பது மருத்துவருக்கு அதிகம் சொல்லும். வழியில் இருவரும் ஒருவருக்கொருவர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு வந்திருந்தால்தான் அது நினைவில் இருக்கும், படிவத்திலும் ஏறியிருக்கும். வரும் வழியிலேயே போனில் சொல்லிவிட்டால் உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவர்களுக்கான சிவப்புப் பகுதியில் படுக்கை தயாராக இருக்கும். செலவைப் பற்றிய பேச்சும் இப்போது விபத்து கேஸ்களில் குறைந்திருக்கிறது: 2021 டிசம்பர் 18 முதல் நடக்கும் "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில் முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு, திட்டத்தின் வரம்புக்குள், காயம்பட்டவர் பணம் கட்ட வேண்டியதில்லை. எந்த ஆஸ்பத்திரி அதில் இருக்கிறது என்று அணிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பெரிய விபத்துகளில் முதலில் போய்ச் சேரும் வண்டிக்கு இன்னொரு கஷ்டமான வேலை. முதலில் அழைக்கிறவரிடம் மண்டியிட்டு உட்காரக் கூடாது. ஒருவர் நிலைமையைக் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்ல வேண்டும்: எத்தனை பேர், எத்தனை வண்டி வேண்டும், எந்த வழியாக வர வேண்டும். மற்றவர் நடக்க முடிகிறவர்களை ஒரு பக்கம் அனுப்பிவிட்டு, மீதிப் பேரின் மூச்சு, ரத்த ஓட்டம், சொன்னதைச் செய்கிறார்களா என்ற மூன்றையும் பார்த்துப் பிரிக்க வேண்டும். கெஞ்சுகிற ஒருவரைத் தாண்டி அடுத்தவரிடம் போவது மனசைக் கிழிக்கும். ஆனால் அந்த ஜோடி முதல் ஆளிடமே உட்கார்ந்துவிட்டால், சத்தம் போடவே முடியாமல் கிடப்பவரை யாரும் பார்க்கப் போவதில்லை.

கேஸ் முடிந்த பிறகும் கூட்டு வேலை முடியவில்லை. வண்டியைக் கழுவி, சிலிண்டர் அளவைப் பார்த்து, தீர்ந்ததை நிரப்பும்போது இரண்டு நிமிடம் பேசிக்கொள்ள வேண்டும். எது சரியாக நடந்தது, எங்கே தடுமாறினோம், அடுத்த முறை எதை மாற்றலாம். குழந்தை இறந்துபோன கேஸ் என்றால் அந்தப் பேச்சு வேறு மாதிரி இருக்கும். சும்மா பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிப்பதாகவும் இருக்கலாம். அடுத்த அழைப்பு காத்துக்கொண்டிருக்கும்போது அந்த இரண்டு நிமிடத்தைக்கூட அவர்களுக்குக் கொடுக்காமல் ஓட்டுவது தவறு என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதை நிர்வாகங்கள்தான் விதியாகவே எழுதிக் கொடுக்க வேண்டும்.

கடைசியாக உங்களுக்கு. அடுத்த முறை உங்கள் தெருவில் இப்படி நடந்தால் அந்த அணி நீங்கள் போன் செய்த நொடியிலேயே தொடங்கிவிடும். அழைப்பை எடுப்பவர் கேள்வி கேட்கும்போது, "முதல்ல வண்டிய அனுப்புங்க" என்று கத்தாதீர்கள். இடம் கிடைத்ததும் வண்டி நகரத் தொடங்கிவிடும், மீதிக் கேள்விகள் அந்த ஜோடி என்னென்ன எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும் என்று முடிவுசெய்வதற்கு. விழுந்தவருக்கு நினைவும் இல்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால், தெரிந்தவர் யாராவது நெஞ்சை அழுத்த ஆரம்பித்துவிடுங்கள். தெரியாவிட்டால் போனிலேயே கேளுங்கள், ஸ்பீக்கரில் போட்டுச் சொல்லச் சொல்லச் செய்யுங்கள். ஒருவர் தெருமுனையில் போய் நில்லுங்கள், இரவு என்றால் வாசல் விளக்கைப் போடுங்கள், நாயைக் கட்டிவிடுங்கள். வண்டி வந்ததும் வீட்டார் சார்பில் ஒருவர் மட்டும் பேசுங்கள். என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, சர்க்கரையோ ரத்தக்கொதிப்போ உண்டா, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பது போதும். "இங்கே பிடிங்க" என்று அவர்கள் சொன்னால் பிடியுங்கள், "விலகுங்க" என்றால் விலகுங்கள். நெஞ்சை அழுத்துவதில் பழக்கம் இருந்தால் "நான் மாத்திவிடவா?" என்று கேளுங்கள், இரண்டு பேர் அணிக்கு மூன்றாவது ஜோடிக் கை பெரிய உதவி. பெரியவர் சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் கடைசியாக டாக்டர் எழுதிய சீட்டையும் ஒரு பையில் போட்டு பைலட்டிடம் கொடுத்துவிடுங்கள். ஈ.எம்.டி.யின் கை அப்போது காலியாக இருக்காது.